எழுதாத லிஸ்டைக் களவெடுத்தது யார்?

அத்தியாயம் 5

“பாட்டு உங்ககிட்டயே இருக்கு. கிட்டாரும் இருக்கு. அப்ப களவு போனது என்ன?” என்று கேட்டார் துப்பறிவாளர் முன்ஸிப்.

“லிஸ்ட், சேர்,” என்று தயானி முந்திக்கொண்டாள். “எந்தப் பாட்டு மொதல்ல, எது ரெண்டாவது, எது கடைசின்னு ஒரு லிஸ்ட்.”

“கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி?”

“அதேதான். ஆனா இதுல கடைசியில வைக்கிற வட்டிலப்பம் நடுவுலயும் வரும்.”

எதிரே உட்கார்ந்திருந்த அஸீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருப்பவர் அவர். கடை பூட்டிய பிறகு ‘பெரட்டுத் தப்பு’ என்ற ரொக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கும் தப்பின் பெயரை வைத்துக்கொண்டு, அதே தப்பையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் சேர்த்துப் பன்னிரண்டு வருஷமாக ஊவா மலைகளை அதிர வைக்கிற குழு. இதுவரை மூன்று அல்பம்.

முன்ஸிப்புக்கு இதெல்லாம் அன்று காலைதான் தெரியும். ஐம்பத்து நாலு வயதில் அவர் ரேடியோவில் கேட்பது செய்தியும் வானிலையும் மட்டும். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருபத்தாறு வருஷம், எரிந்த கடை உண்மையிலேயே எரிந்ததா என்று பார்த்துத் திரிந்தவர். பிறகு பதுளை பஸார் வீதியில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக விசாரணைக் கந்தோர் திறந்தார். தயானி மூன்று வருஷமாக அவருடைய உதவியாளர். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கடிதம் டைப் அடிப்பாள், கார் ஓட்டுவாள், சம்பளத்துக்கு மேலதிகமாக அவரைக் கிண்டலும் பண்ணுவாள்.

“பேஸ்புக்ல எங்கட ரசிகர்கள் குரூப் ஒண்டு இருக்கு, ‘தப்புக் கூட்டம்’ எண்டு,” என்றார் அஸீஸ். “நாலாயிரம் பேர். அதில ‘கடைசி வரிசை’ங்கிற பேர்ல ஒரு ஆள். ஷோ நடக்கிற அன்னைக்குக் காலைல பத்து மணிக்கு, நாங்க பின்னேரம் என்ன பாடப் போறம்னு வரிசையாப் போட்டுர்றார். ஆறு ஷோவா அப்பிடியே சரியா வருது. வெலிமடையில துஷாந்த் வாயத் திறக்க முந்தி சனம் அடுத்த பாட்டுட பேரைக் கத்துறாங்க. பகிடி சொல்றவன் வாயெடுக்கக்குள்ள சபை முந்திச் சிரிச்சா எப்பிடி இருக்கும்? கிட்டாரை வச்சிட்டு மேடைக்குப் பின்னால போயிட்டான். திரும்பக் கூட்டிட்டு வரப் பத்து நிமிஷம் ஆச்சு.”

துஷாந்த் அந்தக் குழுவின் பாடகர். பாட்டு எழுதுவதும் அவரே. பெரகலயில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார்.

“யார் மேல சந்தேகம்?”

அஸீஸ் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். “சவுண்ட் பாக்குற மாடசாமி அண்ணன். மொத நாள்ல இருந்து எங்களோட இருக்கிறவர். ஷோ அன்னைக்குக் காலைல துஷாந்த் போன் பண்றது அவருக்கு மட்டும்தான். வேற யாருக்கும் தெரிய வழியில்ல. சனிக்கிழமை பதுளை ஷோவுக்கு வரவேணாம்னு சொல்லிட்டம்.”

“அவர் என்ன சொன்னார்?”

“நான் இல்லன்னார். ஹெட்போனக் கழட்டி மேசையில வச்சிட்டுப் போயிட்டார். அவ்வளவுதான்.”

“துஷாந்த்?”

“அவன் ஒண்டும் கதைக்கல்ல. தலையைக் குனிஞ்சிட்டுக் கிட்டார் தந்தியத் திருகிக்கிட்டே இருந்தான்.”

முன்ஸிப் பேனையை மூடினார். “துஷாந்த் லிஸ்ட்டை எத்தனை மணிக்கு எழுதுவார்?”

“நாலு மணிக்கு. சவுண்ட் செக் முடிஞ்ச பிறகு. காட்போட் துண்டு ஒண்டில மார்க்கரால கிறுக்குவான்.”

“கடைசி வரிசை போடுறது பத்து மணிக்கு.”

“ஓம்.”

“அப்ப பத்து மணிக்கு அந்த லிஸ்ட் உலகத்திலேயே இல்ல, அஸீஸ். இல்லாத ஒண்டை எப்பிடிக் களவெடுக்கிற?”

 

*

அஸீஸ் படியிறங்கிப் போனதும் தயானி தன் போனை முன்ஸிப்பின் கையில் கொடுத்தாள். அவளும் அந்தக் குரூப்பில் ஏழு வருஷ உறுப்பினர்.

முன்ஸிப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காப்புறுதிப் படிவம் வாசிக்கிற குரலில் வாசித்தார். “‘எட்டாம் நம்பர் லயம்தான் இவர்களின் உச்சம். மற்ற ரெண்டு அல்பமும் வெறும் மேக்கப்.’ அதுக்குக் கீழ ஒருத்தர், ‘முதல் அல்பம்தான் உசத்தி என்று சொல்பவர்கள் முதல் போனையே இன்னும் பாவிப்பவர்கள்.’ அதுக்குக் கீழ நூத்திப் பதினாலு பேர் சண்டை. இவங்களுக்கு வேலை வெட்டி இல்லையா?”

“நூத்திப் பதினாலுல பதினேழு நான் போட்டது சேர்.”

முன்ஸிப் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி போனுக்குத் திரும்பினார். கடைசி வரிசை எழுதியதை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொன்னார். ஊரும் பேரும் படமும் இல்லாத ஆள். அதிகம் பேசுகிற ஆளும் இல்லை. ஆனால் ஒரு சண்டையில் நீளமாகவே எழுதியிருந்தார். அப்புத்தளையில் வெள்ளி, சனி என்று தொடர்ந்து இரண்டு நாள் ஷோ நடந்திருந்தது. ‘தகரம்’ என்ற பாட்டின் ரெக்கோர்டிங் ஒன்றை யாரோ போட, அது வெள்ளிக்கிழமையுடையதா சனிக்கிழமையுடையதா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்ஸிப் வாசித்தார். “‘மூணாவது சரணத்தில் ரயில் ஊதுது, கேளுங்க. சனிக்கிழமை ரயில் நேரத்துக்கு வந்திச்சு. வெள்ளிக்கிழமை நாப்பது நிமிசம் பிந்தி, எல்லாம் ஆறிப்போய் நின்னேன். அதனால இது சனிக்கிழமை ரெக்கோர்டிங்.’”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் வெற்றிக் களை. “ரெண்டு நாளும் ரயில் எத்தனை மணிக்கு வந்ததெண்டு நிமிஷக் கணக்கில தெரிஞ்ச ஆள். அப்புத்தளை ஸ்டேஷன்ல வேலை செய்றவர். ஸ்டேஷன் மாஸ்டர், இல்லாட்டி சிக்னல்காரர். எடு காரை.”

தயானி எழும்பவில்லை. “சேர், ரயில் பிந்தினா ஸ்டேஷன் மாஸ்டருக்கு எது ஆறிப்போவும்?”

“அவர்ட... டீ.”

“‘எல்லாம்’ ஆறிப்போச்சாம். ஒரு மனுசன் எத்தன டீ குடிப்பாரு?” அவள் கார்ச் சாவியை எடுத்தாள். “ரயிலுக்குன்னு சுடச்சுடப் போட்டு வச்சிக் காத்திருக்கிறவங்க யாருன்னு யோசிங்க. வழியில சாப்பிட வேணாம். அங்க போய் வடை சாப்பிடுவோம்.”

*

அப்புத்தளையில் பனி இறங்கியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் வடைக்கடை மூன்று. முதல் கடையில் ஒரு பருப்பு வடை வாங்கி, சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார் முன்ஸிப். யாரோ ஒரு பிள்ளையின் பின்னக் கணக்கு. இரண்டாவது கடையிலும் கணக்கு, அதுவும் பிழை. மூன்றாவது கடையில் வாங்கிய உளுந்து வடையின் எண்ணெய்க் காகிதத்தில் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: ‘1. தகரம். 2. அட்டை. 3. மூணாம் மலை.’ அட்டையும் மூணாம் மலையும் வெட்டப்பட்டு, பக்கத்தில் ‘இவ்வளவு சீக்கிரம் வராது’ என்று எழுதியிருந்தது.

முன்ஸிப் காகிதத்தைத் தயானியிடம் நீட்டினார். தயானி வடையை எடுத்துக்கொண்டாள்.

கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஏப்ரன். ஒரு காதில் மட்டும் இயர்போன். எண்ணெயிலிருந்து கரண்டியை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

“சட்னி வேணுங்களா?”

“வேணாம்மா. கடைசி வரிசையைத் தேடி வந்தோம்,” என்றார் முன்ஸிப்.

கரண்டி நின்றது. அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அடுப்பைக் குறைத்துவிட்டு, “உள்ள வாங்க. வெளிய வச்சிப் பேசினா பக்கத்துக் கடைக்காரரு சிரிப்பாரு,” என்றார்.

பெயர் விஜயலெட்சுமி. கீழ்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தினமும் மேலே ஏறி வருகிறவர். கடைக்குள் இருந்த ஒரே ஸ்டூலை முன்ஸிப்புக்குக் கொடுத்தார். யார் அனுப்பியது, ஏன் வந்தது என்று முன்ஸிப் ஒளிக்காமல் சொன்னார். மாடசாமியின் கதையைக் கேட்டதும் விஜயலெட்சுமியின் முகம் சுருங்கிப்போனது.

“நான் யாருக்கிட்டயும் எதையும் கேட்டு எழுதலிங்க. அந்த அண்ணன நான் பாத்ததுகூட இல்ல. ஒரு ஷோவுக்கும் போனதில்லைங்க நான். பின்னேர ரயில் வர்ற நேரந்தான் அவங்களுக்குப் பாட்டு நேரம்.”

“ஒண்டுக்கும் போனதில்லையா?” முன்ஸிப் அதை எதிர்பார்க்கவில்லை.

“ஆளுங்க போன்ல எடுத்துப் போடுறதக் கேப்பேன். கேட்டு எழுதி வைப்பேன்.” மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து தடித்த கொப்பிகள் மூன்றை எடுத்து வைத்தார். அறுபத்தொரு ஷோ. ஒவ்வொன்றுக்கும் ஊர், திகதி, மழையா வெயிலா, பாட்டு வரிசை. “இதப் பாத்தீங்கன்னா நீங்களும் சொல்லிருவீங்க.”

“எங்கே, சொல்லிக் கொடுங்க,” என்று தயானி சம்மணமிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஜயலெட்சுமிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இரண்டு நிமிஷத்தில் அது போய்விட்டது.

“துஷாந்த்துக்கு ஒரே ஒரு கிட்டாருங்க. அட்டைக்கும் மூணாம் மலைக்கும் மேல் தந்தியத் தளத்திச் சுருதிய எறக்கணும். ஒரு ஷோவுல ரெண்டு தரம் எறக்கி ஏத்த மாட்டாரு. அதனால அது ரெண்டும் ஒட்டித்தான் வரும். தந்திய எறக்கும்போது சும்மா நிக்க முடியாது, சனத்தோட எதாச்சும் பேசணும். அவருக்குக் கூச்சம். ஆளுங்க கொஞ்சம் சூடானப்புறம்தான் பேச்சு வரும். அஞ்சு, ஆறுன்னு எழுதிக்கிறலாம்.”

“ஒண்ணாவது?”

“அது ஊரப் பொறுத்துங்க. தப்பத் தீயில காய்ச்சித்தானே அடிக்கணும். இங்க மாதிரி பனி ஊர்ல அரைமணி நேரத்துல தோல் தளந்திரும். அதனால காய்ச்சின கையோட தப்புப் பாட்டுங்க மொதல்ல. மகியங்கன மாதிரி சூட்டு ஊர்ல எங்கயும் வரும். மழ பெஞ்சா தகரம் பாட்டு இல்ல. மண்டபத்துக் கூரையே அந்தப் பாட்டப் பாடுது, இவங்க எதுக்கு?”

தயானி சிரித்தாள். முன்ஸிப் தன்னை அறியாமல் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்.

“நாலாவது பாட்டு எப்பவும் துஷாந்த் தனியாப் பாடுறது. அதுல பேஸ் கிட்டார் கேக்கவே கேக்காது. ஷோ அஞ்சே முக்காலுக்குத் தொடங்கும். மூணு பாட்டு முடிய ஆறு, ஆறு அஞ்சு. எனக்கு ரொம்ப நாளாப் புரியல. ஒரு நாள் ரெக்கோர்டிங்ல தூரத்துல பள்ளிவாசல் பாங்கு கேட்டிச்சு.”

“மஃரிப்,” என்றார் முன்ஸிப் மெதுவாக. “அஸீஸ் தொழப் போறார்.”

“ஆமாங்க. அவரு திரும்பி வந்தப்புறந்தான் பேஸ் வரும்.”

“சேர்,” என்றாள் தயானி, “இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது.”

“எழுதிட்டேன், எழுதிட்டேன்,” என்றார் முன்ஸிப். கொப்பிகளை மூடி அடுக்கிவைத்துவிட்டு எழுந்தார். “அம்மா, இருபத்தாறு வருஷம் நானும் இந்த வேலைதான் பாத்தன். உங்கள மாதிரிப் பாக்கல்ல. மாடசாமி அண்ணனுக்கு இது போதும். சனிக்கிழமை பதுளை லிஸ்ட்டும் ரெடியா?”

 விஜயலெட்சுமி எரியும் அடுப்பை மறுபடி குறைத்தார்.

“எழுதிட்டேங்க. ஆனா போட மாட்டேன். இனிமே எதுவும் போட மாட்டேன்.”

“ஏன்?”

அவர் மூன்றாவது கொப்பியை எடுத்து, ஜனவரிக்குப் புரட்டினார். “மொத அல்பத்துல எட்டுப் பாட்டுங்க. அதோட உறையில ஒவ்வொரு பாட்டுக்குக் கீழயும் எந்த ஊர்ல எழுதினதுன்னு போட்டிருக்கும். இந்த வருசம் ஜனவரியில பண்டாரவளைல ‘பிந்தி வரும் ரயில்’ பாடினாரு. அது பண்டாரவளைல எழுதினது. அதுக்கப்புறம் அந்தப் பாட்டு எங்கயும் வரல. வெலிமடையில எழுதின பாட்ட வெலிமடையில பாடினாரு. அதோட அது நின்னுபோச்சு. இப்படி ஏழு ஊரு, ஏழு பாட்டு.”

“சலிச்சுப் போயிருக்கும்,” என்றாள் தயானி. சொல்லும்போதே அவள் குரலில் உறுதி குறைந்திருந்தது.

“சலிச்ச பாட்டுன்னா வேகமாப் பாடி முடிப்பாங்கம்மா. இவரு இந்த ஏழையும் கடைசி வரிய ரெண்டு தரம் பாடி முடிக்கிறாரு. அதுக்கு முன்ன எந்த ஷோவுலயும் ஒரு தரம்கூட அப்படிச் செஞ்சதில்ல. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு பாட்ட எறக்கி வச்சிட்டுப் போறாரு. மிச்சமிருக்கிறது ‘அரைப்பேரு’ ஒண்ணுதான். பதுளை பஸ் ஸ்டாண்டுல எழுதினது. சனிக்கிழமைக்குப் பொறகு எங்கயும் ஷோ போடல, கவனிச்சீங்களா?”

தயானி கொப்பியை வாங்கி ஜனவரிப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

“எங்கயோ போகப் போறாருங்க,” என்றார் விஜயலெட்சுமி. “கூட இருக்கிறவங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல. லிஸ்ட்டு சொன்னா வெளையாட்டு. இத நான் சொல்லக் கூடாது.”

*

அப்புத்தளையிலிருந்து பெரகல வரை இறக்கமும் வளைவுமான பாதை. தயானி ஒரு பகிடிகூடச் சொல்லாமல் ஓட்டினாள். இது முன்ஸிப்புக்குக் கவலையாக இருந்தது.

“ஏதாச்சும் சொல்லு புள்ள. என்ர ஷேர்ட்டைப் பத்தியாவது சொல்லு.”

“ஷேர்ட் நல்லாத்தான் இருக்கு சேர்,” என்றாள். அவள் எவ்வளவு நொந்துபோயிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

பெரகல சந்தியில், பழக்கடைக்கும் டயர்க் கடைக்கும் நடுவே இருந்தது துஷாந்த்தின் கடை. முப்பத்தைந்து வயது, மெலிந்த ஆள். பிரித்துப்போட்ட போன் ஒன்றின் மேல் குனிந்திருந்தார். முன்ஸிப் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, கதவோரம் நின்றபடியே கேட்டார்.

“எப்ப பயணம், தம்பி?”

துஷாந்த்தின் கையிலிருந்த சின்ன ஆணி விழுந்து எங்கேயோ உருண்டு போனது. அதைத் தேட அவர் முயலவில்லை.

“யாரு சொன்னது?”

“நீங்கதான். ஏழு ஊர்ல சொல்லியிருக்கீங்க.”

 துஷாந்த் மேசை இழுப்பறையைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து மேலே வைத்தார். ருமேனியா. ஒரு ஹோட்டல் சமையலறையில் இரண்டு வருஷ வேலை. அடுத்த வியாழக்கிழமை பிளேன்.

“வீட்ல மட்டுந்தான் தெரியும். பசங்ககிட்டச் சொன்னா ஒவ்வொரு ஷோவும் சாவு வீடாயிரும். சனம் பாட்டக் கேக்காது, என் மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். சனிக்கிழம முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“வெலிமடையில மேடையை விட்டுப் போனது?”

“அடுத்த பாட்டோட பேர சனம் கத்தினப்ப, யாருக்கோ என் மனசுக்குள்ள இருக்கிறது தெரிஞ்சிபோச்சுன்னு பயந்துட்டேன். லிஸ்ட்டு தெரிஞ்சவனுக்கு மத்ததும் தெரியும்ல.”

“மாடசாமி அண்ணன் மேல பழி விழுந்தப்ப?” இதைக் கேட்டது தயானி.

துஷாந்த் தலை குனிந்தார். “காலைல நான் அவருக்குப் போன் பண்றது சாப்பிட்டாச்சா, கெளம்பியாச்சான்னு கேக்கத்தான். லிஸ்ட்டப் பத்திப் பேசினதே இல்ல. அவரு இல்லன்னு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா அப்ப யாருன்னு தோண்டத் தொடங்குவாங்க. தோண்டினா இதுதான் வெளிய வரும். ரெண்டு வாரந்தானே, பொறகு சரிபண்ணிக்கலாம்னு பேசாம இருந்துட்டேன்.”

“அண்ணே,” என்றாள் தயானி. சத்தம் போடாமல் சொன்னாள். “ஸ்கூல் படிக்கும்போது சமயப் பாடக் கொப்பியோட பின்பக்கத்துல உங்க பாட்டத்தான் எழுதி வச்சிருந்தேன். டீச்சர்கிட்ட அடி வாங்கியிருக்கேன். அந்த உரிமைல ஒண்ணு சொல்றேன். கடையப் பூட்டிட்டுக் கார்ல ஏறுங்க.”

துஷாந்த் கடையைப் பூட்டினார். முன்ஸிப் சந்தியில் நின்று அஸீஸுக்குப் போன் பண்ணி, உடனே கொஸ்லந்தைக்கு மாடசாமி வீட்டுக்கு வரும்படி சொன்னார். காரணம் சொல்லவில்லை.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாடசாமி வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, கோயில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, பெரிய காதுகள். துஷாந்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே பார்த்து எல்லாருக்கும் டீ என்று குரல் கொடுத்தார். கோபத்தின் அடையாளம் எதுவும் தெரியவில்லை.

டீ வருவதற்குள் அஸீஸின் மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டது. முன்ஸிப் துஷாந்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

துஷாந்த் எல்லாவற்றையும் சொன்னார். பயணம், பாட்டுகளை ஊருக்கு ஒன்றாக விட்டுவந்தது, மாடசாமி மேல் தவறில்லை என்று தெரிந்தும் வாய் திறக்காதது. அஸீஸ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மாடசாமி மட்டும் அசையவில்லை. ஸ்பீக்கரின் உள்ளே ஒரு வயரை முடுக்கிக்கொண்டே சொன்னார்.

“எனக்குத் தெரியும் தம்பி.”

துஷாந்த் நிமிர்ந்தார். “என்ன தெரியும்?”

“நீங்க போறது. பெப்ரவரி மாசத்துல இருந்தே தெரியும். சவுண்ட் செக் முடிஞ்சு எல்லாரும் டீக்குப் போயிட்டாங்க. ஒங்க மைக் தொறந்தே கெடந்திச்சு. நான் ஹெட்போன் போட்டுட்டு மேசையில இருந்தேன். மேடைக்குப் பின்னால நின்னு நீங்க இங்கிலீஸ்ல பேசிப் பழகிக்கிட்டு இருந்தீங்க. ‘மை நேம் இஸ் துஷாந்த். ஐ கேன் குக் ஃபோர் டூ ஹண்ட்ரட் பீப்பிள்.’” மாடசாமி நிறுத்தி, மீசையைத் தடவிக்கொண்டார். “இருநூறு பேருக்கு நீங்க எப்ப சமைச்சீங்கன்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. ரெண்டு முட்டைய ஒடைக்காமப் பொரிக்கத் தெரியாது ஒங்களுக்கு.”

அஸீஸ் இப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். “அண்ணே, அப்ப அன்னைக்கு நாங்க கேட்டப்ப ஏன் பேசாம எழும்பிப் போனீங்க?”

“நான் இல்லன்னு சொன்னேனே. அதுக்கு மேல பேசணும்னா, வேற யாரோ எதையோ மறைக்கிறாங்கன்னுதான் சொல்லணும். இந்தத் தம்பியே ஒங்ககிட்டச் சொல்லல. நான் எப்படிச் சொல்றது?”

“நாங்க உங்களை வரவேணாம்னு சொன்னமே.”

“சொன்னீங்க,” என்றார் மாடசாமி. “அது கஷ்டமாத்தான் இருந்திச்சு.”

 அஸீஸ் எழுந்து போய் அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிருங்க அண்ணே,” என்றார். மாடசாமி அவரது கையை விடுவித்து, ஒரு ஸ்குரூடிரைவரை அதில் வைத்து, “இதக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க,” என்றார்.

தயானி முன்ஸிப்பின் காதோரம் குனிந்தாள். “சேர், ரகசியத்த வெளிய விட்டாருன்னு வெரட்டின மனுசன்தான் ரகசியத்தக் காப்பாத்தின ஒரே ஆளு.”

“அதை ரிப்போர்ட்ல எழுதிக் கொடு,” என்றார் முன்ஸிப். “என்னால அப்பிடி எழுத ஏலாது.”

அஸீஸ் ஸ்குரூடிரைவரைப் பிடித்தபடியே திரும்பினார். “கடைசி வரிசை யாரெண்டு கண்டுபிடிச்சீங்களா?”

“கண்டுபிடிச்சம். களவு ஒண்டும் இல்ல. உங்கட அறுபத்தொரு ஷோவையும் உங்களை விடக் கவனமாக் கேட்ட ஒரு ஆள். நீங்க நாலாவது பாட்டுக்கு எங்க போறீங்கன்னுகூட அந்த ஆளுக்குத் தெரியும்.”

அஸீஸின் முகம் சிவந்தது. “அதுவுமா?”

“பேரை நான் சொல்லல்ல. அந்த ஆளாகச் சொன்னாச் சொல்லட்டும்.”

டீ வந்தது. எல்லாரும் குடித்தார்கள். துஷாந்த் மட்டும் தன் கோப்பையைத் தொடவில்லை. கடைசியில் மாடசாமியின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்து நீட்டினார்.

“சனிக்கிழம லிஸ்ட்ட நீங்க எழுதுங்கண்ணே.”

“நானா?”

“என் கையெழுத்துல இனி எழுத வரல.”

மாடசாமி பக்கத்திலிருந்த ஸ்பீக்கர்ப் பெட்டியின் அட்டையைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டார். நிதானமாக எழுதத் தொடங்கினார். தயானி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ‘பிந்தி வரும் ரயில்’ முதலில் வந்தது. அதன் கீழே வெலிமடையில் நின்றுபோன பாட்டு. பிறகு அடுத்தது, அடுத்தது. இறக்கி வைத்த ஏழு பாட்டையும் ஒன்று விடாமல் ஏற்றினார். எட்டாவதாக ‘அரைப்பேரு’. அதன் கீழே முடிவுக் கோடு போடாமல், இன்னும் நாலு பாட்டு.

துஷாந்த் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு மிரண்டுபோனார். “எல்லாம் உச்சத்துல பாடுற பாட்டுண்ணே. ஒரே நாள்ல இத்தனையும் பாடினா தொண்ட ஒடஞ்சிரும்.”

“ஒடையட்டும்,” என்றார் மாடசாமி. “இருநூறு பேருக்குச் சமைக்கக் குரல் எதுக்கு?”

முதலில் யாரும் சிரிக்கவில்லை. துஷாந்த்தான் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஷேர்ட் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடித்தார்.